கீழே கடை, மேலே வீடு: பாரிமுனைக் கேள்விகள்

சென்னையில் பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுனில் பழைய கிடங்கையும் வீட்டையும் இடித்துவிட்டு, கடை, அலுவலகம், குடியிருப்பு மூன்றையும் ஒரே கட்டடத்துக்குள் அடுக்குகிற திட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சொத்துச் சிக்கல் உள்ளவர்களும் எழுதியிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை, இடம் மட்டும்தான்.

கே: மண்ணடி மெட்ரோவுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு புதுக் கட்டடம் வருகிறது. பூமிக்கடியில் இரண்டு தளம் பார்க்கிங், மேலே இரண்டு தளம் கடைகள், ஒரு தளம் அலுவலகம், அதற்கும் மேலே வீடுகள் என்கிறார்கள். என் மகனுக்கு உயர் நீதிமன்றத்தில் வேலை. வாங்கலாமா? (வாசகி, பெரம்பூர்)

மகனுக்கு வேலை அங்கேயே என்றால் யோசிக்க வேண்டிய இடம்தான் அம்மா. 2019இல் வண்ணாரப்பேட்டை வரை சுரங்க மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கம் போய் வருவது எவ்வளவோ சுலபமாகிவிட்டது, கடற்கரை ஸ்டேஷன் எப்போதும் இருக்கிறது. ஆனால் வேளச்சேரியிலோ போரூரிலோ ஃபிளாட் பார்க்கிற கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது. அங்கே கீழ்த்தளம் கார் நிறுத்துகிற இடம். பாரிமுனையில் அந்த மனையிலேயே அதிக விலை போவது கீழ்த்தளம்தான். அது யார் கையில் இருக்கப்போகிறது, அங்கே என்ன வியாபாரம் நடக்கப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் மேலே குடியிருப்பவர்களின் நிம்மதி.

முதலில் யூடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. உங்கள் வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கடைகளுக்கு எவ்வளவு, அலுவலகத்துக்கு எவ்வளவு, வீடுகளுக்கு எவ்வளவு என்று மொத்த மனைக்கும் போட்ட கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கடைத் தளத்தை நில உரிமையாளரே மொத்தமாக வைத்துக்கொள்வது உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் அவருக்கு நிலத்தில் எவ்வளவு பங்கு, பராமரிப்புச் செலவில் எவ்வளவு, சங்கத்தில் என்ன உரிமை என்பதெல்லாம் பத்திரத்தில் வர வேண்டும். பழைய 1994 சட்டத்துக்குப் பதிலாக 2022இல் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்தது. கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் காலம் வந்தால் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது அது. இன்றைக்கு அது வெகு தொலைவாகத் தெரியும், ஆனால் நிலப்பங்கைக் குறைத்து எழுதி வாங்கியவர் அன்றைக்குத்தான் அழுவார்.

அப்புறம், வீடுகளுக்குத் தனி வாசல், தனி லிஃப்ட், தனிப் படிக்கட்டு இருக்கிறதா என்று அனுமதி வாங்கிய வரைபடத்திலேயே பாருங்கள், விளம்பரப் படத்தில் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் கடைகளுக்குத் தனியாக இருக்க வேண்டும். கீழே ஓட்டல் வந்தால் சமையல் புகை எந்த வழியாக மேலே போகும்? கடைக்காரர்களின் ஏசி பெட்டிகள் எந்தச் சுவரில் தொங்கும்? இதைக் கேட்டால் விற்பனைப் பிரிவில் இருக்கிற பிள்ளைகள் முழிப்பார்கள், பரவாயில்லை, கட்டடக் கலைஞரைக் கூப்பிடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கீழே என்ன சரக்கு வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது என்று சங்க விதியிலும் கடை விற்பனைப் பத்திரத்திலும் எழுதியிருக்கிறார்களா என்பது. ஜார்ஜ் டவுனில் கடை என்றால் பாதி கிடங்குதான். ரசாயனமும் பிளாஸ்டிக்கும் பேட்டரியும் அடுக்கி வைத்த தளத்துக்கு மேலே குழந்தைகளோடு தூங்கவே முடியாது. எழுத்தில் தடை இல்லாத கட்டடத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பெற்ற பதிவு எண்ணைப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது, வாங்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், ஒப்படைத்த பிறகு 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர்கள் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். இவையெல்லாம் 2016 சட்டம் உங்களுக்குக் கொடுத்தவை, யாரும் சலுகையாகத் தருவதில்லை.

கடைசியாகப் பத்திரம். இங்கே 30 வருட வில்லங்கச் சான்று போதாது. பல தலைமுறையாகக் கைமாறிய மனைகள், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாரிசுகள், கோயிலுக்கோ தர்மத்துக்கோ எழுதிவைத்த சொத்துகள், வக்ஃபு சொத்துகள் எல்லாம் அந்தத் தெருக்களில் கலந்து கிடக்கின்றன. கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. தாய்ப்பத்திரம் வரை பின்னால் போய்ப் பார்க்கிற, அந்தப் பகுதி பழக்கப்பட்ட வக்கீலிடம் கொடுங்கள், டி.எஸ்.எல்.ஆர்., அதாவது நகர நில அளவைப் பதிவேட்டு நகலையும் சேர்த்து.

கே: லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் அப்பா காலத்திலிருந்து வாடகைக்குக் கடை நடத்துகிறோம். பகடி (கடையை எடுக்கும்போது மொத்தமாகக் கொடுக்கும் பணம்) கொடுத்து எடுத்தது, அதற்கு ரசீது கிடையாது. இப்போது உரிமையாளர் மாறிவிட்டார். இடித்துவிட்டுக் கடையும் ஃபிளாட்டும் கட்டப்போகிறாராம். புதுக் கட்டடத்தில் கடை தருகிறேன் என்று வாயால் சொல்கிறார். நம்பிக் காலி செய்யலாமா? (வாசகர், பாரிமுனை)

எழுத்தில் வராமல் காலி செய்யாதீர்கள் ஐயா. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு 'நாற்பது வருடம் இருந்தவனை யார் அசைக்க முடியும்' என்று இருந்துவிடாதீர்கள். 2017இல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தம் போடாமல் விட்டதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்லவும் வழி இருக்கிறது. இடித்துக் கட்டவும் காலி செய்யக் கேட்கலாம். திரும்ப உள்ளே வருவது நீங்கள் வெளியேறுவதற்கு முன் போடுகிற ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் 'இணையான கடை' என்று ஒரு வார்த்தையைப் போட்டு முடித்துவிடுவார்கள், விடாதீர்கள். எந்தத் தளம், எந்தத் தெருவைப் பார்த்த முகப்பு, உள்ளளவு எத்தனை சதுர அடி, வாடகைக்கா சொந்தமாகவா, எத்தனை மாதத்தில், அதுவரை மாற்றுக் கடைக்கான வாடகையை யார் கொடுப்பது, தாமதமானால் என்ன, எல்லாம் வர வேண்டும். வரைபடத்தில் உங்கள் கடையைக் குறித்து இணைக்கச் சொல்லுங்கள். உரிமையாளரோடு கட்டுநரும் கையெழுத்துப் போட வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். பகடிக்கு ரசீது இல்லாவிட்டால் என்ன, இத்தனை வருடம் கடை நடத்தியதற்கு மின் கட்டண அட்டை, ஜிஎஸ்டி பதிவில் உள்ள முகவரி, மாநகராட்சித் தொழில் உரிமம், வாடகை போன வங்கிக் கணக்கு எல்லாம் சாட்சிதான். இன்றைக்கே ஒரு கோப்பில் சேருங்கள். நிலத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துக் கட்டடத்தை உங்கள் அப்பாவே கட்டியிருந்தால் பேச்சே வேறு, உடனே வக்கீலைப் பாருங்கள்.

கூடவே, அதே கட்டடத்தில் இருக்கிற மற்றக் கடைக்காரர்களோடு சேர்ந்து பேசுங்கள். காகிதம் என்றால் ஆண்டர்சன் தெரு, நோட்டுப் புத்தகம் என்றால் பந்தர் தெரு, துணி என்றால் கோடவுன் தெரு என்று வாங்குகிறவர் தெருவைத் தேடித்தான் வருகிறார். கொத்தவால்சாவடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றியபோது சந்தையே சேர்ந்து போனது, அதனால் வியாபாரம் பிழைத்தது. தனியாக ஒரு கடையை வேறு பேட்டைக்குத் தூக்கிப் போனால் வாடிக்கையாளர் கூட வர மாட்டார். இதை உணர்ந்த கட்டுநராக இருந்தால், பழைய கடைகள் கீழே இருப்பதுதான் தன் கட்டடத்துக்கும் நல்லது என்று அவரே ஒத்துக்கொள்வார்.

கே: பக்கத்து மனையில் இரண்டு தளத்துக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். எங்கள் வீடு நூறு வருடத்துக்கு மேற்பட்டது. சுவரில் இரண்டு இடத்தில் விரிசல் வந்திருக்கிறது. 'பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, ஏழுகிணறு)

உங்கள் தெருப் பேரிலேயே தண்ணீர் இருக்கிறது அம்மா. 1772இல் கோட்டைக்குக் குடிதண்ணீர் எடுத்த கிணறுகள் அங்கேதான் இருந்தன. கடலோர மணல், கொஞ்ச ஆழத்திலேயே நிலத்தடி நீர். பள்ளம் தோண்டுகிறவர்கள் வேலை நடக்க வேண்டும் என்று இரவும் பகலும் மோட்டார் போட்டு அதை இறைப்பார்கள், அப்போது பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ள மண்ணும் இறங்கும். உங்கள் வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், அஸ்திவாரம் ஆழமாக இருக்காது. ஜார்ஜ் டவுனில் பக்கவாட்டில் இடம் விடாமல் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுவது வழக்கம், விதிகளும் இதைத் தொடர் கட்டடப் பகுதி என்றுதான் வைத்திருக்கின்றன. ஆகவே பழைய வீடு அப்படித்தான் என்று அவர்கள் கைகழுவ முடியாது. பழைய வீடு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துதானே தோண்டினார்கள்.

உடனே செய்ய வேண்டியது இது. உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வோர் அறையையும் தேதியோடு படம் எடுத்து அறிக்கை வாங்குங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள், அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். கட்டுநருக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுக்கும் மாநகராட்சி ராயபுரம் மண்டல அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தோண்டுவதற்கு முன் நெருக்கமாக பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாகப் போகும் தூண்கள், இறக்கித் தடுப்புச் சுவர் கட்டினார்களா, தண்ணீர் இறைக்கும்போது உங்கள் பக்கம் மண் இறங்குகிறதா என்று அளக்கிறார்களா, மூன்றாம் நபர் சேதத்துக்குக் காப்பீடு இருக்கிறதா என்று அதிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்க அந்த அறிக்கைதான் உங்களுக்கு ஆயுதம்.

சிமெண்ட் பூசி விரிசலை மூட வேண்டாம். சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் ஒட்டாது, ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், சாட்சியமும் போய்விடும். கதவு திடீரென்று நிலையில் பிடிக்க ஆரம்பித்தாலோ, கூரையிலிருந்து காரை உதிர்ந்தாலோ ஒரு நாள்கூட யோசிக்காமல் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கே: அந்தக் கட்டடங்கள் அடுத்த மழைக்குத் தலையில் விழும் நிலையில் இருக்கின்றன. புதுசு கட்ட விடாமல் பாரம்பரியம் பாரம்பரியம் என்று ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? (கல்லூரி மாணவர், கொளத்தூர்)

தம்பி, எல்லாவற்றையும் அப்படியே வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அவை ஏன் விழுகின்றன என்று பார். தேக்கு உத்தரம், அதன்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய கூரை, மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். பராமரித்தால் நூறு வருடம் தாண்டி நிற்கும். குடித்தனத்துக்குக் கட்டிய மாடியில் கிடங்கு வைத்து டன் கணக்கில் சரக்கு ஏற்றினார்கள், மாடிக் குழாய் அடைத்துத் தண்ணீர் தேங்கியது, சுவரில் முளைத்த அரசங்கன்றை யாரும் பிடுங்கவில்லை. வாடகை சொற்பம், ஆகவே உரிமையாளருக்குச் செலவழிக்க மனமில்லை. கட்டடம் தானாக விழுந்தால் வாடகைதாரர் பிரச்சினையும் தீர்ந்தது என்று காத்திருந்தவர்களும் உண்டு.

அந்தப் பகுதி சும்மா உருவானதில்லை. கோட்டையை 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, 1749இல் ஆங்கிலேயர் திரும்பப் பெற்ற பிறகு, கோட்டையை ஒட்டியிருந்த பழைய ஊரையே படிப்படியாக இடித்து மைதானமாக்கினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பக்கம் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில் அது இப்போதைய இடத்தில் எழுந்தது. இதற்கு மேல் கோட்டைப் பக்கம் கட்டக் கூடாது என்று 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள், ஒன்று இன்னமும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் இருக்கிறது. வீட்டை இழந்து அந்த எல்லைக்கு வடக்கே போய்க் குடியேறியவர்கள் கட்டிய ஊர்தான் இது. கீழே கடை, திண்ணை, பின்னால் முற்றம், மாடியில் குடும்பம். வள்ளலார் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இப்படி ஒரு வீட்டு மாடியில்தான் 33 ஆண்டு இருந்தார், கந்தகோட்டத்துக்கு நடந்தே போனார். கடையும் வீடும் கலந்த கட்டடம் அந்த ஊருக்குப் புதுசில்லை, அந்த ஊரே அதுதான்.

சட்டமும் இருக்கிறது. அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க முயன்ற வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது, நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடங்களுக்குப் பாதுகாப்புத் தரச் சொன்னது, சிஎம்டிஏவில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இலேயே நிறைவேறியது. அதன் வேகம் எனக்குப் போதவில்லை, கோகலே ஹால் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாருக்கும் போதாது. அன்னி பெசன்ட் பேசிய மண்டபம் அது, ஆர்மேனியன் தெருவில்.

ஒரு வழி இருக்கிறது. ஜார்ஜ் டவுன் மனைகள் குறுகலாக, உள்ளே ஆழமாகப் போகும். தெருவை ஒட்டிய முன்கட்டைத் திண்ணையும் தூணும் மாடமும் உள்ளபடி பழுதுபார்த்துக் கடைகளாக வைத்துக்கொண்டு, பின்னால் உள்ள நீளத்தில் புதுக் குடியிருப்பை உயர்த்தலாம். தெருவில் நிற்பவருக்குத் தெருவின் உயரமும் நிழலும் மாறாது. கொஞ்சம் செலவு கூடும், கட்டுநர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளும் அனுமதியை அரசு இதற்குக் கொடுக்கட்டும். நீ கட்டடக் கலையோ சிவிலோ படிப்பவனாக இருந்தால் இதை வரைந்து பார்.

கே: புதுக் கட்டடங்களில் கார் நிறுத்த இடம் கிடைக்குமா? (வாசகர், அண்ணா நகர்)

கிடைக்கும். ஆனால் பிராட்வேயே ஒரு காலத்தில் வடிகால் ஓடிய பள்ளம், அதை மேடாக்கித்தான் சாலை போட்டார்கள். அந்தப் பகுதியில் அடித்தளப் பார்க்கிங் வாங்கினால் பம்ப் எத்தனை, மின்சாரம் போனால் எதில் ஓடும், யார் செலவு என்று கேட்டு வாங்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது ஊரெங்கும் அடித்தளங்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். கடைக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் மெட்ரோவில் போங்கள்.

கே: என் கணவர் மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) ஓட்டுகிறார். நான் காலையில் பிளாட்பாரத்தில் இட்லி போடுகிறேன், லோடு தூக்குகிறவர்கள்தான் வாடிக்கை. புதுக் கட்டடம் வந்தால் வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது, கடை போடக் கூடாது என்று இப்போதே சொல்கிறார்கள். எங்களுக்கு அங்கே இடம் உண்டா? (வாசகி, கொண்டித்தோப்பு)

உண்டு அம்மா, இருக்க வேண்டும். உங்கள் கணவர் வண்டி ஓட்டாவிட்டால் அந்தக் கடைகளுக்குச் சரக்கு எப்படி வரும்? லாரி நுழையாத சந்துகள் அவை.

பிளாட்பாரம் மாநகராட்சியுடையது, கட்டடக்காரர் 'என் வாசல்' என்று சொல்லி உங்களை விரட்ட அவருக்கு அதிகாரமில்லை. 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு நடத்தி, விற்பனைச் சான்று கொடுத்து, வியாபாரக் குழு இடம் ஒதுக்க வேண்டும். அடையாள அட்டை இல்லையென்றால் மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள், எத்தனை வருடமாக அதே இடத்தில் இருக்கிறீர்கள் என்பதற்குப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். வியாபாரம் கூடாது என்று அறிவித்த சாலையாக இருந்தால் மாற்று இடம் கேட்டு மனுக் கொடுங்கள்.

வண்டிக்கு வருவோம். கீழே கடைத் தளம் உள்ள கட்டடம் என்றால் சரக்கு இறக்க அதன் மனைக்குள்ளேயே இடம் விட வேண்டும். வரைபடத்தில் நூறு காருக்கு இடம் காட்டுகிறார்கள், ஒரு மீன்பாடி வண்டிக்கு இடம் காட்டுவதில்லை, அப்புறம் தெருவை அடைக்கிறார்கள் என்று வண்டிக்காரர் மேலேயே பழி. கட்டுநரிடம் இதைக் கேட்க வேண்டியவர்கள் கடை வாங்குகிறவர்களும் வீடு வாங்குகிறவர்களும்தான். மேலே முதல் கேள்வி கேட்ட பெரம்பூர் அம்மாவும் இதைக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

குடியிருக்க இடம் என்பது இதைவிடப் பெரிய விஷயம். மத்தியச் சென்னையிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பாரிமுனையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். விடியற்காலை லோடு தூக்க வேண்டியவர் எந்தப் பஸ்ஸைப் பிடித்து வருவார்? தனியார் கட்டும் ஃபிளாட் உங்கள் கைக்கு எட்டாது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. மாநகராட்சி, துறைமுகம், ரயில்வே கையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிலம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியிலாவது கீழே சரக்கு இறக்குமிடம், மேலே குறைந்த வாடகைக்கு அறைகளும் வீடுகளும் கட்டலாம். சென்னை நகர வளர்ச்சிக்கான இரண்டாவது பெருந்திட்டத்தின் காலம் 2026ஓடு முடிகிறது, மூன்றாவது பெருந்திட்ட வேலை சிஎம்டிஏவில் நடக்கிறது, பொதுமக்கள் கருத்தையும் கேட்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் சங்கமும் சுமை தூக்குவோர் சங்கமும் சேர்ந்து இதை இரண்டு பக்கத்தில் எழுதி, தெருப் பெயர், வண்டிகள் நிற்கும் இடம், சரக்கு வரும் நேரம் எல்லாம் போட்டு, எழும்பூரில் உள்ள சிஎம்டிஏ அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். எழுதுவதற்கு ஆள் இல்லையென்றால் விவரங்களை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.